கிறிஸ்துமஸ் தாத்தாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர்

மிஸ்,

இன்று மாலை மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிட்டேன். கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தார்கள். தேங்காய்ப்பால் கலந்த மாவு காய்ந்த எண்ணெயில் இறங்கும்போது எழுமே, அந்த வாசனை. ஏரிப் பக்கமிருந்து வந்த ஈரக்காற்றோடு சேர்ந்து படிக்கட்டு முழுவதும் நிறைந்திருந்தது. கையில் காய்கறிப் பை கனத்தது. முட்டி வலித்தது. நகர மனம் வரவில்லை. உள்ளே ஒரு பெண், "அச்சை லேசா உதறுடி, தானா கழண்டுக்கும்" என்று யாருக்கோ சொன்னாள். உன் குரல் இல்லைதான். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தேன்.

நாம் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை, கவனித்திருக்கிறாயா? பிள்ளைகள் நம்மைக் கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு நமக்கும் அதுவே பழகிவிட்டது. பேருந்திலும் மிஸ்தான், கடைத்தெருவிலும் மிஸ்தான். என் மகள் கல்யாணத்தில் மணமேடைக்கு எதிரே நின்று "மிஸ், உன் கொசுவம் அவுருது" என்று நீ கத்தியதில் சம்பந்தி வீட்டார் திகைத்துப்போனார்கள். அதனால் இந்த மடலிலும் உன் பெயரை எழுதப்போவதில்லை.

முடிச்சூரில் வயல்கள் மனைகளாகி, மனைகள் அடுக்குமாடிகளாகிக்கொண்டிருந்த காலம் அது. அந்தத் தெருக் கோடியில் நம் நர்சரி பள்ளி. நீ எல்.கே.ஜி., நான் யு.கே.ஜி. நடுவே இருந்தது ஒரு பலகைத் தடுப்புதான். என் வகுப்பில் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருக்கும் அமைதியில் உன் குரல் அந்தத் தடுப்பைத் தாண்டி மிதந்து வரும். வகுப்பில் நீ பேசுவது ஒரு தமிழ். ஆசிரியர் அறைக்குள் காலை வைத்தவுடன் நீ வளர்ந்த தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸ் உனக்குள் எழுந்துகொள்ளும். "இன்னா மிஸ், மூஞ்சி இப்டி கீது? வூட்ல சண்டையா?" இரண்டு குரல்களும் இப்போதும் எனக்குள் இருக்கின்றன. அரைத் தூக்கத்தில் எது எந்தக் குரல் என்று தெரியாமல் கலந்துவிடும்.

அச்சு முறுக்கு வாசனை என்னைக் கொண்டுபோய் நிறுத்தியது அந்த வெள்ள வருடத்து டிசம்பரில்தான்.

ஆறு ஊருக்குள் வந்து போயிருந்தது. பள்ளியைக் கழுவித் திறந்தபோது சுவரில் தண்ணீர் நின்ற கோடு பழுப்பாகப் படிந்திருந்தது. நமக்கு அது இடுப்புக்கு மேலே. பிள்ளைகளுக்குத் தலைக்கு மேலே. உன் வகுப்புப் பிள்ளை ஒன்று எக்கி எக்கி அந்தக் கோட்டைத் தொடப் பார்த்துவிட்டு, "மிஸ், இங்க வரைக்கும் மீன் இருந்துச்சா?" என்று கேட்டது. "இருந்திருக்கும். அதுவும் உன்னை மாதிரி ஏ, பி, சி, டி படிச்சிருக்கும்" என்றாய் நீ. அறை முழுவதும் சேற்று வாடையும் பினாயில் வாடையும். அதற்கு நடுவே பிள்ளைகளின் சிரிப்பு. கனவில் கேட்பது போல இருந்தது.

அந்த நாட்களில் வண்டி வண்டியாக உதவிகள் வந்தன. பாய், போர்வை, ரொட்டி, சோப்பு, பொம்மை. அவை வந்திராவிட்டால் பாதி வீடுகளில் அடுப்பு எரிந்திருக்காது. ஆனால் ஒரு நாள் காலை, போன மின்சாரத்தைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியன் ஒருவர் உன் வகுப்புக்குள் வந்தார். அவரைப் பார்த்ததும் பிள்ளைகள் எல்லோரும் எழுந்தார்கள். யாரும் சொல்லாமலே வரிசையில் நின்றார்கள். இரண்டு கைகளையும் நீட்டினார்கள். கையில் டெஸ்டரோடு அந்த மனிதர் என்ன செய்வதென்று தெரியாமல் உன்னைப் பார்த்தார். நீ பிள்ளைகளைப் பார்த்தாய்.

அன்று இடைவேளையில் உன் டீ ஆடை படிந்து ஆறிப்போகும்வரை நீ அதைத் தொடவேயில்லை.

"குடுக்கறவங்க மேல தப்பு இல்ல மிஸ்" என்றாய் கடைசியில். "அவங்க இல்லாட்டி இதுங்க பட்டினி. ஆனா கை கீறதே வாங்கறதுக்குத்தான்னு இதுங்க நெனச்சுக்கினா பேஜாருதான். நாலு வயசு மிஸ். இப்ப ஒட்டிக்கினா போவாது."

அடுத்த வாரமே பள்ளி நடத்தியவர் நம்மை அழைத்தார். கரஸ்பாண்டென்ட் சார் என்போமே, அவர். விடுமுறைக்கு முந்தைய நாள் ஒரு குழு வருகிறது, கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்தோடு, பிள்ளைகளுக்குப் பரிசுப் பொட்டலங்களோடு, புகைப்படம் எடுப்பார்கள், பிள்ளைகளை ஒழுங்காக வரிசையில் நிறுத்த வேண்டும் என்றார்.

"வரட்டும் சார். ஆனா அன்னைக்கு எங்க பிள்ளைங்களும் எதாவது கொடுப்பாங்க" என்றாய் நீ.

அவர் சிரித்தார். "அதுங்ககிட்ட என்னம்மா இருக்கு? வீட்டுல பாதிப் பொருள் தண்ணியில போயிடுச்சு."

"அதைத்தான் சார் தேடணும்."

மறுநாள் அந்தத் தேடல் தொடங்கியதைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து நான் கேட்டேன். "உங்ககிட்ட என்னல்லாம் இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்றாய். "ஒண்ணுமில்ல மிஸ், தண்ணியில போயிடுச்சு" என்றது ஒரு குரல். நீ அவசரப்படவில்லை. சும்மா இருந்தாய். பிறகு, "எனக்கு ஜன்னல் கிட்ட எடம் இருக்கு" என்றது இன்னொன்று. "எனக்குப் பாட்டு இருக்கு." "நான் யானை மாதிரி கத்துவேன்." "எனக்கு ஊஞ்சல் டர்ன் இருக்கு." "எனக்குச் சளி இருக்கு மிஸ்."

"சளியை மட்டும் நீயே வெச்சுக்கோ, தங்கம்" என்றாய். என் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது.

அதன் பிறகு உன் வகுப்பில் விசித்திரமான கொடுக்கல் வாங்கல்கள் நடந்தன. ஜன்னலோரத்துப் பிள்ளை தன் இடத்தை ஒருநாள் முழுவதும் மூலையில் உட்காரும் பிள்ளைக்குக் கொடுத்தது. ஊஞ்சல் முறை கைமாறியது. மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த ஒரு பிற்பகலில், பயந்து அழுத பிள்ளைக்காக இன்னொன்று யானை போலப் பிளிறியது. இடையிடையே நீ அந்தப் பழைய கதையைச் சொன்னாய். பிள்ளை பெறும் நேரத்தில் தங்க இடம் கிடைக்காமல் அலைந்த தாய், கடைசியில் கிடைத்த மாட்டுத்தொழுவம். உன் பிள்ளைகள் கேட்ட கேள்வியை எந்தக் கோயிலிலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

"மாட்டுக் கொட்டாய்க்குள்ள தண்ணி வந்துச்சா மிஸ்?"

"வரலை. மேடான இடம்."

"அப்ப நல்ல வீடுதான் மிஸ்."



தர்ஷினி இவை எதிலும் சேரவில்லை. உனக்கு அவளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ஆற்றோரத்துத் தரைவீட்டுப் பிள்ளை. அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டினார். வெள்ளத்துக்குப் பிறகு அவள் பள்ளிக்கு வந்தது முதுகில் ஒரு பையோடு. அதைக் கழற்றவே மாட்டாள். உள்ளே ரொட்டிப் பொட்டலங்கள், சோப்பு, மெழுகுவர்த்தி, யாரோ கொடுத்த பல்துலக்கிகள், ஒரு தண்ணீர் பாட்டில். எதையும் தின்ன மாட்டாள். இருக்கிறதா என்று திறந்து பார்த்து மூடிக்கொள்வாள். வேறொரு ஆசிரியை, நல்ல எண்ணத்தில்தான், பகிர்ந்து உண்ணக் கற்றுக்கொடுக்கிறேன் என்று அந்தப் பையிலிருந்து ஒரு ரொட்டிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். தர்ஷினி அலறவில்லை. மூச்சடைத்தது போல நின்றாள். பாவாடை நனைந்து காலடியில் ஈரம் பரவியது.

நீதான் அவளைக் கழுவிவிட்டு வேறு உடை மாற்றினாய். கடைக்குப் போய் அதே ரொட்டியை வாங்கிவந்து அவள் பையில் அவள் கையாலேயே வைக்கச் சொன்னாய். அவள் உயரத்துக்குக் குனிந்து, "இது உன் பை. நீ சொன்னாத்தான் திறக்கணும். நானும் கேக்க மாட்டேன்" என்றாய். பிறகு என்னிடம் வந்து, "புடுங்கிக் குடுத்தா அதுக்குப் பேரு வேற மிஸ்" என்றாய்.

அன்று மாலை வாசலில் அவள் அம்மாவைப் பிடித்து விசாரித்தோம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். "தண்ணி வந்தப்ப பக்கத்து வூட்டு மாடியில நின்னுகினு இருந்தோம் மிஸ். சுத்தி அம்மாம் தண்ணி. குடிக்க ஒரு மடக்கு இல்ல. கொழந்த கேட்டுக் கேட்டு அழுதுகினே தூங்கிட்சு. அதுலேர்ந்து பாட்டில கைய வுட்டு கீழ வெக்க மாட்டேங்குது."

எல்லாப் பிள்ளைகளும் தாங்கள் என்ன கொடுப்பது என்று முடிவு செய்துவிட்ட பிறகு தர்ஷினி தானாக எழுந்து அறிவித்தாள். "நான் ஒண்ணும் குடுக்க மாட்டேன்."

"சரிடா. நீ பார்த்துக்கிட்டு இரு, போதும்" என்றாய். வெறும் சமாதானமாகச் சொல்லவில்லை நீ. நிஜமாகவே அது போதும் என்றுதான் சொன்னாய்.

விழா நாளன்று வானம் வெளுத்து வெயில் சுள்ளென்று அடித்தது. மழைக்குப் பிந்தைய வெயிலுக்கு ஒரு தனிப் புழுக்கம் உண்டு. மின்சாரமும் போய்விட்டது. இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே இருந்த தடுப்பை நகர்த்தி ஒரே அறையாக்கியிருந்தோம். நீ கட்டியிருந்த காகித நட்சத்திரங்கள் அசையாமல் தொங்கின. கிறிஸ்துமஸ் தாத்தா உள்ளே வந்தார். கேளம்பாக்கம் பக்கம் ஏதோ கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் இளைஞன். தடித்த சிவப்பு வெல்வெட் உடை, வயிற்றில் தலையணை, முகமெல்லாம் பஞ்சுத் தாடி. மணியை ஆட்டிக்கொண்டே நான்கைந்து பொட்டலங்கள் கொடுத்திருப்பான். மணி நின்றது. அவன் தடுமாறி, பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் பொத்தென்று உட்கார்ந்தான். தாடிக்கு மேலே தெரிந்த முகம் வெளிறிப்போயிருந்தது.

"தண்ணி, தண்ணி" என்று பெரியவர்கள் பரபரத்தோம். அன்று பார்த்து கேன் தண்ணீர் வந்திருக்கவில்லை. யாரோ வாசலுக்கு ஓடினார்கள்.

அப்போது வரிசையிலிருந்து தர்ஷினி விலகி வந்தாள். அவன் எதிரே நின்று அவன் உதடுகளைக் கூர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் எனக்குள் அப்படியே இருக்கிறது. தாகத்தை அடையாளம் தெரிந்துகொண்டவளின் பார்வை. பையை முன்பக்கமாகத் திருப்பினாள். ஜிப்பைத் திறந்தாள். பாட்டிலை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள்.

"தாத்தா, குடி. ஒரு வாய்தான்."

அவன் குடித்தான். அவள் பாட்டிலின் அடியைப் பிடித்துக்கொண்டே நின்றாள். ஒரு வாய் ஆனதும் அவன் கையிலிருந்து மெல்ல இழுத்துக்கொண்டாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து எவ்வளவு மிச்சமென்று பார்த்தாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, மறுபடியும் நீட்டினாள். "சரி, இன்னொரு வாய்."

காகித நட்சத்திரங்கள்கூடக் கவனிப்பது போல இருந்தது.

புகைப்படக்காரருக்குத்தான் முதலில் சுயநினைவு வந்தது. "சூப்பர் பாப்பா! மிஸ் பண்ணிட்டேன். இன்னொரு வாட்டி குடு, அங்கிளைப் பார்த்து சிரிச்சுக்கிட்டே குடு."

தர்ஷினி பாட்டிலை மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினாள். கரஸ்பாண்டென்ட் சார், "குடும்மா, நல்ல பொண்ணு இல்ல?" என்றார். அவள் முகம் அழுகைக்குத் தயாரானது. நீ நடந்துபோய் அவளுக்கும் கேமராவுக்கும் நடுவே நின்றாய். நீ குள்ளம். ஆனால் அன்றைக்கு அந்த அறையின் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக நீ நின்றது போல எனக்குத் தோன்றியது.

"அவ கொடுத்து முடிச்சுட்டா சார். இன்னொரு வாட்டி கொடுத்தா அது நடிப்பு."

"ஒரே ஒரு ஃபோட்டோதானே மிஸ்..."

"வேணாம் சார்."

சாரின் முகம் இறுகியது. உன் வேலை போய்விடுமோ என்றுகூட நான் பயந்தேன். உன் வீட்டில் அப்போது உன் சம்பளம் ஒன்றுதான். அந்த நேரத்தில் அந்த இளைஞனே தாடியைக் கழற்றிவிட்டு, "விடு மச்சான். கேமராவை உள்ளே வை" என்றான். தாடிக்குள்ளிருந்து வெளிப்பட்ட முகத்தை தர்ஷினி அதிர்ச்சியோடு பார்த்தாள்.

"நீ தாத்தா இல்லியா?"

"இல்ல பாப்பா."

"அண்ணாவா?"

"ஆமா."

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். "அண்ணா, தலவாணிய எடுத்துடு. சூடு" என்றாள்.

அதற்குப் பிறகு விழா திசை மாறிவிட்டது. வந்தவர்களைக் குட்டி நாற்காலிகளில் உட்காரவைத்து உன் பிள்ளைகள் தங்களிடம் இருந்ததையெல்லாம் கொடுத்தார்கள். பாட்டுக் கொடுத்தார்கள். பிளிறல் கொடுத்தார்கள். புகைப்படக்காரருக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. சட்டை முதுகோடு ஒட்டிய புழுக்கத்தில் அவர் அங்கே உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு, வெளியே தேங்கிய தண்ணீரில் வானம் தெரிவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாலையில் தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் வழக்கம்போல நின்றோம். கீழே ரயில்கள் வெளிச்சக் கோடுகளாகப் போய்க்கொண்டிருந்தன. சார் உன்னைத் தனியாக அழைத்துத் திட்டியிருந்தார். "அடுத்த வருஷம் எவனும் வரமாட்டாம்மா" என்றாராம். உனக்கு அது காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

"ஒரு வாய்தான்னு சொல்லிச்சு பாரு மிஸ், எனக்கு அதான் புடிச்சுது" என்றாய். "பாட்டிலோட தூக்கிக் குடுத்திருந்தா பயந்துகினு இருப்பேன். தனக்கும் வெச்சுக்கினு குடுத்துச்சு பாரு, அது நெலைக்கும்."

அந்த இளைஞன் தை பிறந்ததும் நண்பர்களோடு மறுபடி வந்தான், வேடமும் கேமராவும் இல்லாமல். பெஞ்சுகளைத் தேய்த்துக் கழுவினார்கள். சாரும் உன்னிடம் அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கோடை வருவதற்குள் தர்ஷினி ரொட்டிகளை ஒவ்வொன்றாகத் தின்னத் தொடங்கியிருந்தாள். ஜூனில் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். இன்று அவள் பெரிய பெண்ணாகியிருப்பாள். எங்கே இருக்கிறாளோ.

காலம் எப்படி நழுவியது என்று தெரியவில்லை மிஸ். உனக்கு உடம்பு முடியாமல் போனது நம் தலை நரைத்த பிறகு. வயிற்றில் தொடங்கிய நோய் உன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிக்கொண்டே போனது. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எங்கள் தெருவில் ஒரு வீடு விடாமல் கேக்கும் அச்சு முறுக்கும் கொண்டுவந்து கொடுத்த உனக்கு, யாராவது ஒரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்தால் முகம் வாடிவிடும். "எதுக்கு மிஸ் இதெல்லாம்? உனக்கு வேற வேல இல்ல?" பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று படுக்கையிலிருந்தபடியே சர்க்கரையாவது போட்டுத் தரச் சொல்வாய்.

ஒரு பிற்பகல் உன் காலைப் பார்த்தேன். குனிய முடியாததால் நகங்கள் வளர்ந்து விரலில் குத்திக்கொண்டிருந்தன. நகவெட்டியைத் தேடி எடுத்துவந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தேன். நீ காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாய்.

"கால்ல கை வெக்காத மிஸ்."

"இழுத்துக்காதே. குத்திடும்."

"வேணாம். என்னால தாங்க முடியாது."

"வலிக்காம வெட்டறேன்."

"வலியைச் சொல்லல."

நான் காத்திருந்தேன். பிள்ளைகளிடம் நீ காத்திருப்பாயே, அப்படி. வெளியே கறிகாய் வண்டிக்காரர் விலை கூவிக்கொண்டு போனார். அவர் குரல் தெரு முனையில் தேய்ந்த பிறகு உன் பாதம் மெல்ல வெளியே வந்து என் மடியில் இருந்தது. எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா? ஒவ்வொரு விரலாக வெட்டினேன். நீ சுவரைப் பார்த்தபடி அழுதாய். பிறகு பேசினாய்.

"குடுக்கறது எப்டின்னு இம்மாம் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன் மிஸ். வாங்கிக்கறது எப்டின்னு எனக்கே தெரியல பாரு." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாய். "புள்ளைங்க எதனா நீட்டுனா நாம இன்னா சொல்வோம்? வேணாம் கண்ணு, நீயே துன்னுன்னு சொல்வோம். ஆசையாத்தான் சொல்றோம். ஆனா அதுங்க காதுல இன்னா விழும்? ஒன்னோடது எனக்குத் தேவையில்லன்னுதான விழும்? எத்தினி புள்ளைங்க கைய அப்டியே திருப்பி அனுப்பிட்டேனோ." என் பக்கம் திரும்பினாய். "நீ வாங்கிக்கோ மிஸ். இனிமே எது குடுத்தாலும் வாங்கிக்கோ."

அந்த வருடத்து நட்சத்திரத்தை உன் வீட்டு வாசலில் கட்டுவதற்கு முன்பே நீ போய்விட்டாய். கல்லறைத் தோட்டத்தில் உனக்கு மண் போட்டுவிட்டு வந்த கையை அன்று வெகுநேரம் கழுவாமல் வைத்திருந்தேன்.

நான் இன்னும் பள்ளிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். உன் வகுப்பும் இப்போது என்னிடம்தான். இன்று காலை, ஜூனில் சேர்ந்து இன்னும் யாரோடும் சரியாகப் பேசாத ஒரு சிறுமி என் மேசை அருகே வந்து நின்றாள். மூடிய கையை நீட்டித் திறந்தாள். உள்ளே ஒரு ஆரஞ்சுச் சுளை. எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தாளோ, நசுங்கி, வெதுவெதுவென்று இருந்தது. பென்சில் சீவிய தூள்கூட ஒட்டியிருந்தது. 'வேணாம் கண்ணு' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இன்னமும் வருகிறது மிஸ், ஒவ்வொரு முறையும் வருகிறது. அதை விழுங்கிவிட்டு இரண்டு கையாலும் சுளையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். நான் மென்று முடிக்கும்வரை அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிக்குதா மிஸ்?"

"ரொம்ப இனிக்குது" என்றேன். அவள் ஓடிப்போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து, பக்கத்துப் பிள்ளையிடம் ஏதோ சொன்னாள். அவள் அந்த வகுப்பில் பேசி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். சரியான புளிப்பு, மிஸ்.